முழங்காலும் மனமும்

காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு நடை என்பது இரண்டு வகை. சாலையில் நடப்பது ஒன்று. வரப்பில் நடப்பது மற்றொன்று. சாலையில் எவரும் நடப்பர். நாற்று நடும் காலத்தில், ஒரு முழ அகலமும் இல்லாத ஈர வரப்பின்மீது, தலையிலே சுமையும் இடுப்பிலே குழந்தையுமாக, இரண்டு வயலுக்கு அப்பால் நிற்பவரோடு கூலிக்கணக்குப் பேசிக்கொண்டே செல்லும் பெண்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய கண் காலைப் பார்ப்பதில்லை. மனமும் காலைப் பற்றி நினைப்பதில்லை. கால் தன் வேலையைத் தானே செய்கிறது. மனம் கூலிக்கணக்கில் இருக்கிறது. இதில் வியப்பு என்ன என்று கேட்கத் தோன்றும். வியப்பு இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தமையனார். அவர் கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1967-ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல் அன்று, வெண்ணாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்ப் பொதுத் திடலில் சடுகுடு ஆட்டம் நடந்தது. அண்ணனுக்கு அப்போது வயது பத்தொன்பது, எனக்குப் பதினொன்று. பாடிப் போவதில் அவரை மிஞ்சியவர் சுற்று வட்டாரத்தில் இல்லை. அன்று எதிரணியின் எல்லையைத் தொட்டுவிட்டு, ஒருவன் பிடியிலிருந்து தப்புவதற்காகச் சட்டென்று திரும்பினார். ஊன்றிய பாதம் மண்ணில் நின்றுவிட்டது; உடம்பு மட்டும் திரும்பியது. 'டப்' என்று ஒரு சத்தம். திடலின் ஓரத்தில் நின்ற எனக்கே அது கேட்டது. அவரை யாரும் தொடவில்லை, தாமே விழுந்தார்.

முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கிற்று. நாட்டு வைத்தியர் ஒருவர் பச்சிலை வைத்துக் கட்டினார். பிறகு நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது தொடை, கையளவு மெலிந்திருந்தது. "எலும்பு முறியவில்லை, மெல்ல மெல்ல நடந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பினர். நடந்தார், சரியாகவும் ஆயிற்று என்றே நாங்கள் எண்ணினோம். உழுதார், அறுத்தார், மூட்டை தூக்கினார். ஆனால் சடுகுடு ஆடவில்லை. வேறொரு மாற்றமும் வந்தது. வரப்பில் செல்லும்போது யாராவது கூப்பிட்டால், அவர் நின்றுவிடுவார். நின்று பதில் சொல்லிவிட்டு, பிறகு குனிந்து காலைப் பார்த்து, மீண்டும் நடப்பார். வீட்டிலே அம்மா இதைப் பெருமையாகச் சொல்வார்: "பெரியவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது, நின்று நிதானமாகப் பேசுகிறான்." நானும் அப்படியே நம்பினேன். அது பொறுப்பன்று, காயம் என்று அறிய எனக்கு ஐம்பது ஆண்டுகளுக்குமேல் பிடித்தது.

முழங்காலின் உள்ளே, தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு நார்கள் இருக்கின்றன. சிலுவைபோல் குறுக்கிடுவதால் அவற்றைச் சிலுவை நார்கள் என்பர். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஜவ்வு' என்று ஒரே பெயர். முன்புறத்துச் சிலுவை நார் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமும், ஒரு சென்டிமீட்டர் அளவு தடிப்பும் உடையது. கணைக்கால் எலும்பு முன்னோக்கி வழுக்கிவிடாமலும், கால் ஊன்றியிருக்கையில் மூட்டு முறுகிவிடாமலும் காப்பது அது. அண்ணனுக்கு அறுந்தது அதுவேயாதல் வேண்டும். இந்நார் அறுவதற்குப் பெரும்பாலும் பிறர் மோதல் வேண்டுவதில்லை. ஓடுபவர் சட்டென்று நிற்பதும் திரும்புவதுமே போதும்.

இந்த நாரை வெறும் கயிறு என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள் 1836-இல் மனித நடையின் இயக்கத்தை ஆராய்ந்து எழுதிய நூலில், சிலுவை நார்கள் முழங்காலை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று விளக்கினர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்னும் அறுவை மருத்துவர், 1895-இல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த சிலுவை நார்களைத் தைத்தார். பிரிஸ்டலில் ஹே குரோவ்ஸ் 1917-இல், தொடையின் பக்கவாட்டு உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்து, புதிய நாராக்கினார். இன்று செய்யப்படும் அறுவைச் சிகிச்சைகளுக்கெல்லாம் அது முன்னோடி. கயிறு அறுந்தது, கயிற்றைக் கட்டினோம் என்பதே அந்நாளைய சிந்தனை.

கட்டிய பிறகு கால் எப்படித் தேறும் என்ற வினாவுக்கு இரண்டாம் உலகப் போர் ஒரு விடையைத் தந்தது. அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முழங்காலில் காயமுற்ற போர்வீரர்களைப் படுக்கையிலேயே வைத்திராமல், படிப்படியாகக் கனத்த எடைகளைக் காலால் தூக்கச் செய்தார். அம்முறையை 1945-இல் வெளியிட்டார். மெலிந்த தொடை திரண்டது. வீரர்கள் விரைவில் தேறினர். அன்று முதல் 'தசையைப் பலப்படுத்து' என்பது முழங்கால் சிகிச்சையின் முதல் வாக்கியம் ஆயிற்று. அது தவறன்று, ஆனால் முழுமையன்று. என் அண்ணனுக்கும் தசை திரும்பிவிட்டதே! மூட்டை சுமந்தவர் அல்லவா? பின் ஏன் வரப்பிலே நின்றார்?

அந்த விடையைத் தேடிச் செல்லுமுன், உங்களை நம் தஞ்சைக்கு அழைத்துச் செல்கிறேன்.

இராசராசசோழன் 1010-இல் எழுப்பி முடித்த பெரிய கோயிலின் கல்வெட்டுக்களிலே நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து ஆடலும் பாடலும் வல்ல அம்மகளிரை வரவழைத்து, ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள பங்கும் அம்மன்னன் அளித்தான். அக்கோயிலின் மேல்தளத்தில், கருவறையைச் சுற்றிய உட்சுவரில், பரத நூல் கூறும் நூற்றெட்டுக் கரணங்களுள் எண்பத்தொன்று சிற்பங்களாக நிற்கின்றன. எஞ்சியவற்றுக்குரிய கற்கள் செதுக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. அந்த எண்பத்தொன்றையும் உற்று நோக்கினால், முழங்கால் மடியாத கரணம் அரிது என்று காணலாம்.

அடுத்து எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி தஞ்சையை ஆண்டது 1798 முதல் 1832 வரை. சரசுவதி மகாலை வளர்த்தவர் அவர். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவி, நம் நாட்டு வைத்தியர்களையும் மேலை மருத்துவத்தையும் ஓரிடத்தே கூட்டியவரும் அவரே. அவர் அவையில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் திகழ்ந்தனர். ஆடற்பயிற்சியின் அடிப்படையாகிய அடவுகளை ஒழுங்குபடுத்தி, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை அமைத்த பெருமை இவர்களுடையது. அவர்கள் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1954 வரை வாழ்ந்து, ருக்மிணி தேவி முதலியோருக்கு அக்கலையைக் கையளித்தார்.

அவர்கள் கற்பித்த வரிசையைச் சற்றே கவனியுங்கள். முதலில் அரைமண்டியில் நின்று பாதத்தைத் தட்டுவது மட்டும். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் போட்டுச் சொற்கட்டுச் சொல்லுவார். பிள்ளை 'தையா தை' என்று காலால் பதில் சொல்லும். அது முதற்காலம். அதே அடவை இரட்டிப்பு வேகத்தில் செய்தால் இரண்டாம் காலம்; அதையும் இரட்டித்தால் மூன்றாம் காலம். கால் தவறாத பிறகே கை சேரும். கை சேர்ந்த பிறகே கண் சேரும். அடவுகள் கோவையாகிச் சதிகளாகும். இறுதியில் வருணம் வரும்போது, ஒரு கணம் சிக்கலான தீர்மானத்தைக் காலால் அடுக்க வேண்டும். மறு கணம் தலைவனைப் பிரிந்த தலைவியின் ஏக்கத்தை முகத்தில் காட்ட வேண்டும். தாளம் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலைப் பற்றி நினைத்தால் பாவம் போய்விடும். பாவத்தில் மூழ்கினால் தாளம் போய்விடும். இரண்டும் போகாமல் நிற்க, பத்து ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமை ஏற்றுவார்கள்.

நேயர்களே, இதைச் சொல்வதால், முழங்கால் சிகிச்சையை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டனர் என்று நான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். நட்டுவனார்கள் கலைஞர்கள், வைத்தியர்கள் அல்லர். அரைமண்டியும் முழங்காலுக்கு எப்போதும் நன்மை என்று சொல்லுவதற்கில்லை. தொடை இடுப்பிலிருந்து விரியாமல், முழங்காலையும் பாதத்தையும் மட்டும் வலிந்து திருப்பி நிற்கும் பிள்ளைக்கு மூட்டு நோகவே செய்யும். நான் சொல்ல வருவது வேறு. அசைவைத் தனியாகவும் கவனத்தைத் தனியாகவும் பழக்கினால் போதாது. இரண்டையும் ஒன்றாக்கி, எளிதிலிருந்து அரிதுக்குப் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்னும் பயிற்சிநெறி இந்த மண்ணில் வழக்கில் இருந்தது. அந்த நெறியை மருத்துவம் தன் வழியில், வேறு காரணங்களுக்காக, மிகவும் தாமதமாகவே வந்தடைந்தது.

வந்த வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் ஹைடன் என்னும் ஊரில் ஹைன்ரிக் ஃப்ரெங்கல் என்ற மருத்துவர் இருந்தார். தண்டுவட நோயால், தம் கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையே இழந்தவர்கள் அவரிடம் வந்தனர். அவர்கள் தசையில் பலம் இருந்தது, நடக்கத்தான் முடியவில்லை. ஃப்ரெங்கல் அவர்களைக் காலைக் கண்ணால் பார்க்கச் செய்து, எண்ணிக்கை சொல்லி, மெல்ல மெல்லக் காலை வைக்கப் பழக்கினார். உடம்பின் உணர்வு இழந்ததைக் கண்ணும் கவனமும் ஈடுசெய்தன. அடுத்து 1906-இல் ஆங்கில அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன், தசைகளிலும் மூட்டுக்களிலும் இருந்து மூளைக்குச் செல்லும் அந்த உள்ளுணர்வை விளக்கி அதற்கு ஒரு பெயரும் இட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிவது அவ்வுணர்வால்தான்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு பெரிய பாடம் நடந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளுக்கு 1948 முதல் அறுவைச் சிகிச்சை செய்யலானார். நலமாயிருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசை செய்துவந்த வேலைக்கு மாற்றிப் பொருத்துவார். ஆனால் நாண் இடம் மாறியதை மூளை அறியாது அன்றோ? விரலை நீட்ட எண்ணினால் பழைய வழியிலேயே கட்டளை போகும். ஆகவே இயன்முறைப் பயிற்சியாளர்கள் நோயாளியின் அருகே அமர்ந்து, எதை எண்ணினால் எது அசைகிறது என்பதைப் புதிதாகக் கற்பித்தனர். தொடக்கத்தில் அது முழுக் கவனத்தையும் விழுங்கும் வேலை. கையைப் பாராமல், பிறரோடு பேசிக்கொண்டே ஒரு கிண்ணத்தை எடுக்கும் நாள் வரும்போதுதான் அந்தக் கை உண்மையில் அவருடையது ஆகும். அந்த நிறுவனத்திலேயே, 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டுதான் என் அண்ணன் திடலில் விழுந்தார். வேலூருக்கும் எங்கள் ஊருக்கும் தொலைவு அதிகமில்லை. செய்திக்கு மட்டும் அது வெகு தொலைவாயிருந்தது.

முழங்காலுக்கு வருவோம். 1965-இல் இங்கிலாந்தில் ஃப்ரீமன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு கருத்தை வெளியிட்டனர். கணுக்காலில் ஜவ்வு அறுந்தவர்களுக்கு, புண் ஆறிய பிறகும் கால் அடிக்கடி பிசகுவதேன் என்று அவர்கள் ஆராய்ந்தனர். ஜவ்வு அறுபடும்போது அதனுள் இருக்கும் நரம்பு நுனிகளும் அறுபடுகின்றன; எனவே மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் தூதுவர் இல்லாமற் போகின்றார் என்றனர். ஆடும் பலகையின்மேல் நிறுத்திச் சமநிலை பழக்கினால் பிசகுதல் குறைவதையும் காட்டினர். மனிதரின் முன் சிலுவை நாரிலேயே அத்தகைய உணர்வு நுனிகள் உள்ளன என்பதை 1984-இல் ஷுல்ட்ஸ் என்பவரின் குழுவினர் நுண்ணோக்காடியில் கண்டு உறுதிசெய்தனர். அது வெறும் கயிறன்று, தந்திக் கம்பியுமாகும் என்பது அன்று தெளிவாயிற்று. அறுந்த கயிற்றைக் கட்டலாம். அறுந்த தந்தியை அப்படிக் கட்டிவிட முடியாது.

1990-இல் மற்றொரு திருப்பம். அமெரிக்காவில் ஷெல்போர்ன், நிட்ஸ் என்னும் இருவர், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலை விரைவில் நீட்டவும் ஊன்றவும் விடும் முறையை வெளியிட்டனர். அந்த எண்ணம் அவர்களுக்கு வந்த வகை சுவையானது. அசையாதே என்று சொல்லி அனுப்பியும் கேளாமல் முன்கூட்டியே நடந்த நோயாளிகள், சொற்படி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தனர்! கட்டிப் போடுவதைவிடக் காலை வாழவிடுவதே மருந்து என்பது அங்கே புலனாயிற்று.

ஆனாலும் என் அண்ணன் வரப்பில் நின்றதற்கு விடை முழங்கால் மருத்துவரிடமிருந்து எனக்கு முதலில் கிட்டவில்லை. முதியோரை ஆராய்ந்தவர்களிடமிருந்து கிட்டிற்று. சுவீடன் நாட்டின் உமியோ நகரில் லுண்டின்-ஓல்சன் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் 1997-இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். முதியோர் விடுதியில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே அவர்கள் பேச்சுக் கொடுத்தனர். 12 பேர், பேசுவதற்காக நடையை நிறுத்தினர். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தனர். நடையும் பேச்சும் ஒன்றாக நிகழ முடியாதவர்க்கு, நடையே மனத்தின் முழுக் கவனத்தையும் உண்டுவிடுகிறது. பேச்சுக்கு மிச்சம் இல்லை. இதைப் படித்த அன்று நான் என் அண்ணனை நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது வயதிலேயே அவருக்கு நேர்ந்தது அதுவே அன்றோ?

முழங்கால் ஆராய்ச்சியாளர்களும் பின்னர் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தனர். 2007-இல் சுவானிக் என்பவரின் குழுவினர், கல்லூரி விளையாட்டு வீரர்களின் நினைவாற்றலும் வினைவேகமும் பருவத் தொடக்கத்தில் அளக்கப்பட்ட பதிவுகளை எடுத்துக்கொண்டனர். பிற்பாடு யாரும் மோதாமலே சிலுவை நார் அறுந்தவர்களை, அறாதவர்களோடு ஒப்பிட்டனர். அறுந்தவர்களின் மறுவினை, காயத்திற்கு முன்பே சற்று மந்தமாக இருந்தது தெரிந்தது. கண்ணுக்குத் தோன்றியது காலுக்குக் கட்டளையாவதில் ஏற்படும் இமைப்பொழுதுத் தாமதமே போதும் என்பது இதன் பொருள். அடுத்துவந்த பத்தாண்டில் டஸ்டின் குரூம்ஸ் என்பவர், நார் மாற்றப்பட்டவர்கள் முழங்காலை மடக்கி நீட்டும்போது மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தார். காட்சியோடு தொடர்புடைய பகுதிகள் அவர்களிடம் மற்றவர்களைவிட மிகுதியாக உழைத்தன. உள்ளிருந்து தந்தி வராததால், மூளை கண்ணைக் கொண்டு காலை நடத்துகிறது. அண்ணன் குனிந்து காலைப் பார்த்த காட்சிக்கு இது உரை எழுதியதுபோல் இருந்தது.

இனி எங்கள் வீட்டுக்குத் திரும்புவோம். சடுகுடு இன்று கபடி என்னும் பெயரில் பெரிய ஆட்டமாகிவிட்டது. 1990-இல் பீஜிங் ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடியும், 2010-இல் குவாங்சோவில் மகளிர் கபடியும் இடம்பெற்றன. அண்ணனின் பேத்தி கல்லூரி அணியில் ஆடினாள். 2022-இல் ஒரு நாள் அவளும் திரும்பினாள்; பாதம் நின்றுவிட்டது. அதே முழங்கால், அதே சத்தம். செய்தி வந்தபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. திண்ணையில் அமர்ந்து தம் வலது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

இக்காலத்துப் பிள்ளை, ஆதலால் வேறு வழி கிடைத்தது. தொடையின் பின்புறத் தசைநாணை எடுத்து நாராகப் பொருத்தினர். மறுநாளே நிற்க வைத்தனர். நான்கு மாதத்தில் பயிற்சிக்கூடத்தில் அவள் ஒற்றைக் காலில் நிற்பதும், படியேறுவதும், எடை தூக்குவதும் கண்டு மகிழ்ந்தோம். ஒரு மாலை அவளை வயலுக்கு அழைத்துச் சென்றேன். வரப்பில் எனக்கு முன்னே நன்றாகத்தான் நடந்தாள். தொலைவிலிருந்து தோழி ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பேத்தி நின்றாள், கை காட்டினாள், குனிந்து காலைப் பார்த்தாள், பிறகு நடந்தாள். என் நெஞ்சு ஒரு கணம் நின்றுபோயிற்று. 1967 என் கண்முன் நின்றது.

மறுநாள் இயன்முறை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மையார், "நல்லது கவனித்தீர்கள் ஐயா, இனிச் செய்யப்போவது அதுதான்" என்றார். அதன்பின் நடந்ததை விரித்துச் சொல்கிறேன். ஏனெனில் இதில்தான் பொருள் இருக்கிறது.

முதலில், அவள் ஒற்றைக் காலில் நிற்கும்போது நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் செய்தார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்னும்போதே முழங்கால் உட்புறம் சாய்ந்தது. கணக்கில்லாத போது பாறைபோல் நின்ற கால் அது! உடனே எளிதாக்கினார்: மூன்று மூன்றாகக் குறைத்தால் போதும் என்றார். கால் நிலைத்ததும் மீண்டும் ஏழு. பிறகு நிறக் கிண்ணங்களைத் தரையில் பரப்பி, சிவப்பு என்றால் சிவப்பை நோக்கி அடிவைக்கச் சொன்னார். அது பழகியதும், சிவப்பு என்றால் பச்சையை நோக்கிப் போகவேண்டும் என்று விதியை மாற்றினார். பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் நடக்கவைத்தார். குதித்து இறங்குவது, ஓடித் திரும்புவது முதலியன, தசைபலமும் மூட்டின் நிலையும் சோதித்துத் தேறிய பிறகே ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கண் எப்போதும் முன்னே; காலின்மேல் அன்று. "முழங்காலை நேராக வை" என்று அவர் அடிக்கடி சொல்லவில்லை; "எதிரே இருக்கும் கோட்டைத் தொடு" என்றே சொன்னார். கவனம் காலுக்கு வெளியே ஒரு குறியில் இருந்தால், கால் தன் வழியைத் தானே கற்கும் என்பது அவர் விளக்கம்.

வீட்டில் வினாக் கேட்கும் வேலை எனக்கு வாய்த்தது. முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவனுக்கு வேறென்ன வேண்டும்? முற்றத்தில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் அவள் அடிவைப்பாள். நான் சோழ மன்னர்களைப் பின்னிருந்து முன்னாக வரிசைப்படுத்தச் சொல்வேன். "மேட்டூர் அணை கட்டி முடித்தது எப்போது?" என்பேன், "1934, சின்னத் தாத்தா" என்று ஓரடி பிசகாமல் வருவாள். குறுவைக்கு எந்நாளில் தண்ணீர் திறப்பது வழக்கம் என்றால், ஜூன் பன்னிரண்டு என்பாள். தவறான விடை சொன்னாலும் நான் கோபிக்கக் கூடாது. கால் சரியாக வைத்தாளா என்பதே கணக்கு. இது எனக்குச் சற்றே கடினமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறேன்.

இதில் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். மனப்பயிற்சியை அசைவுப் பயிற்சியோடு இணைக்கும் இம்முறை இன்னும் இளமையானது. தசைபலம், முழு நீட்டம், போதிய காலம் ஆகியவற்றுக்கு அது மாற்று ஆகாது. அவற்றின்மேல் ஏறுவது அது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் நிறையுமுன் ஆட்டத்துக்குத் திரும்புவோர்க்கு நார் மீண்டும் அறும் அபாயம் மிகுதி என்பதும் அறியப்பட்ட செய்தி. எனவே வினாக் கேட்டால் போதும், முழங்கால் குணமாகும் என்று யாரும் தம் வீட்டில் தாமே தொடங்கிவிட வேண்டா. பயிற்றுவிப்பவர் அருகிருந்து, காலையும் கவனத்தையும் ஒருசேரப் பார்த்து, சுமையை ஏற்றவும் இறக்கவும் வேண்டும். தட்டுக்கழி பிடித்தவர் முதற்காலத்திலிருந்து மூன்றாம் காலத்துக்கு ஒரே நாளில் தாவவிட்டதில்லை அல்லவா?

பேத்தி பதினோராம் மாதம் சோதனைகளில் தேறினாள். அடுத்த பொங்கலுக்கு எங்கள் ஊர்த் திடலில் பாடிப் போனாள். ஒரே மூச்சில் பாட்டு, எதிரே ஏழு பேர், கண் ஏழு பேர்மேலும், கால் எல்லைக்கோட்டின்மேலும். மனத்தையும் அசைவையும் இதைவிட ஒருசேரக் கேட்கும் ஆட்டம் வேறு எது? அவள் திரும்பிய கணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் மூடவில்லை, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது மாலைதோறும் அவர்கள் இருவரும் ஆற்றங்கரைச் சாலையில் நடக்கிறார்கள். அண்ணனுக்கு வயது எழுபத்தேழு ஆகிறது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். அவர் இன்னும் பெரும்பாலும் நின்றுதான் பதில் சொல்கிறார். சில நாட்களில், ஒன்றிரண்டு பெயர்களை நடந்துகொண்டே சொல்லிவிடுகிறார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அதை எனக்கு அறிவிப்பாள்.

நேயர்களே, உங்கள் வீட்டில் காலில் காயமுற்றுத் தேறிய பிள்ளையோ பெரியவரோ இருந்தால், அவர்கள் நடக்கிறார்களா என்று மட்டும் பாராதீர்கள். நடக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். நின்றுவிட்டால், அதை நிதானம் என்று எண்ணிப் பெருமைப்படாமல், அவர்களுக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அன்று சொல்வதற்கும் ஆளில்லை, கேட்பதற்கும் ஆளில்லை. இன்று இரண்டும் இருக்கின்றன.